வட்டம் போட்ட கதவு

அன்புள்ள அம்மாவுக்கு,

யாக்னா எழுதுகிறேன். எங்கள் பாடகர் குழு ஹங்கேரிக்குப் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் லாரிக்குப் புது டயர் போட்டுக் கொடுத்தார்களா?

இந்தக் கடிதத்தை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொன்னால் சிரிப்பாய். விடுதிக் கழிப்பறையில், மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல். பத்து மணிக்கு மேல் விளக்கு எரியலாம் என்று ஹலினா டீச்சர் விட்டிருக்கும் ஒரே இடம் இதுதான். போன்களை எல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டிவிட்டார். நாளை மாலை அரை மணி நேரம் தருவாராம். அப்போது இதைப் படம் பிடித்து அனுப்புகிறேன். நடைபாதையில் டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேனாவை நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. நேற்று இரவிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. நீ லாரியில் இருந்தபடியே போனில் 'தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?' என்று கேட்டபோது எடுத்துக்கொண்டேன் என்று சொன்னேன். அது பொய் இல்லை. பாட்டில் இன்னும் மூடி திறக்காமல் பையில் இருக்கிறது.

காரணம் உனக்குத் தெரியும். நாலாம் வகுப்பில், டிக்டேஷன் நடக்கும்போது கையைத் தூக்கப் பயந்து உட்கார்ந்தே இருந்து பெஞ்சை நனைத்துவிட்டேனே, அந்த நாள். அன்று என் வகுப்புக் கோர்னேலியா வைத்த 'குளம்' என்ற பெயர் இன்னும் போகவில்லை. இன்று காலை பஸ்ஸில் ஏறும்போதுகூட, "குளம் வருது, காலை மேல தூக்கிக்கோங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மடியில் இரண்டு லிட்டர் கம்போட், செர்ரிப் பழத்தை வேகவைத்த சாறு, இருந்தது. அதை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டால் போதும், நான் யாருக்கும் பயப்படாதவள் என்று ஆகிவிடும் போல எனக்குத் தோன்றியது. நான் வாங்கவில்லை. அவளும் தரவில்லை.

பஸ்ஸில் கழிப்பறை இருக்கிறது. ஆனால் டிரைவர் அதற்குள் எங்கள் கச்சேரி உடைகளையும் தன் சூட்கேஸையும் அடுக்கிப் பூட்டிவிட்டார். "அது அவசரத்துக்கு மட்டும்தான்" என்றார். பின்னால் இருந்து ஒரு பையன், "அவசரம் வந்தா உங்க சூட்கேஸைத் திறக்கணுமா, சார்?" என்று கேட்டான். டிரைவர் கண்ணாடியில் அவனை முறைத்தார். அதோடு ஹலினா டீச்சரின் உத்தரவு வேறு: வரிசையை விட்டு யார் தனியாகப் போனாலும் சனிக்கிழமை மேடையில் பாட முடியாது.

ஸ்லோவாகியா தாண்டும்வரை ஒன்றும் ஆகவில்லை. ஹங்கேரிக்குள் வந்த பிறகு முன்னால் ஏதோ விபத்து என்று ஒரு சின்ன ஊரில் சாலையை அடைத்துவிட்டார்கள். வெயில். மணிக்கணக்கில் நின்றோம். முதலில் பாட்டு நின்றது, அப்புறம் பேச்சு நின்றது. கடைசியில் பஸ் முழுக்கக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. டீச்சர் இறங்கிப் போய் வேலியோரம் நின்ற ஒரு அம்மாளிடம் கழிப்பறை எங்கே என்று ஜெர்மனில் கேட்டார், ரஷ்ய மொழியில் கேட்டார். அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு கூடை ஆப்பிள் கொண்டுவந்து கொடுத்தாள். போனில் மொழிபெயர்த்துக் கேட்கலாம் என்றால் சிக்னல் இல்லை.

அப்போதுதான் கோர்னேலியா கத்தினாள்: "வட்டம்! அங்க பாருங்கடி, வட்டம்!"

சாலைக்கு எதிரே ஒரு நீளமான மஞ்சள் கட்டடம். கதவில் பெரிதாகச் சிவப்பு வட்டம். நம் நாட்டுக் கழிப்பறைக் கதவுகளில் பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்கு முக்கோணம் என்று பிறந்ததிலிருந்து பார்த்த கண்கள் அல்லவா? வேறு நாடு என்பது ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை. டீச்சருக்கே வரவில்லை! "பெண்கள் எல்லாரும் வரிசையா வாங்க. பசங்க முக்கோணத்தைத் தேடுங்க" என்றார். கோர்னேலியா முதலில் ஓடினாள், நான் கடைசியில் நின்றேன்.

அம்மா, உள்ளே ஒரு பந்து உருட்டும் கூடம். தூரத்தில் நிறுத்திய மரக்கட்டைகளைப் பந்தை உருட்டி விழவைப்பார்களே, அந்த விளையாட்டு. கதவில் இருந்த வட்டம் அந்தப் பந்துதான். ஏதோ போட்டி நடந்துகொண்டிருந்தது. ஒரே மாதிரி பச்சைச் சட்டை போட்ட தாத்தாக்கள், சுவரெல்லாம் கோப்பைகள். ஒருவர் பந்தோடு குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் தள்ளத் தள்ள, எங்கள் பாடகர் குழுவில் பாதி பந்து ஓடும் பாதையிலேயே போய் நின்றது.

டீச்சர் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டார். யாருக்கும் புரியவில்லை. கோர்னேலியா சுவரில் சாய்ந்து, முகம் வெளுத்து நின்றாள். கண்ணில் தண்ணீர். அந்த முகம் எனக்குத் தெரியும் அம்மா. நாலாம் வகுப்பில் அது என் முகம்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ஒவ்வொரு புது நாட்டுக்குள் நுழைந்ததும் எனக்குப் போன் செய்து, வணக்கம் சொல்வதற்கு முன்னால் அந்த ஊரில் கழிப்பறை எங்கே என்று எப்படிக் கேட்பது என்பதைச் சொல்வாய். நான் திருப்பிச் சொன்னால்தான் மற்ற பேச்சு. "பசியை ஏமாத்தலாம்டி, இதை ஏமாத்த முடியாது" என்பாய். செக், ஜெர்மன், இத்தாலியன், ஹங்கேரியன், எல்லாமே நமக்கு ஒரு விளையாட்டு. யாரிடமும் நான் நிஜமாகக் கேட்டதில்லை. நம் ஊரில், நம் மொழியிலேயே கேட்டதில்லை.

நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். "யாக்னா, நில்லு!" என்று டீச்சர் சொன்னது காதில் விழுந்தது. நிற்கவில்லை. குனிந்திருந்த தாத்தாவுக்கு நேராகப் போய் நின்று சத்தமாகக் கேட்டேன்:

"ஹோல் வன் ஆ வேட்ஸே?"

அவர் பந்தைக் கீழே வைத்தார். பிறகு ஒரு நீளமான பதில் சொன்னார். அதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. கேள்வியை மட்டும்தானே நீ சொல்லிக் கொடுத்தாய்! நான் தலையை ஆட்டினேன், அவர் என் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். "யோய்!" என்று ஒரு கூச்சல் போட்டார். தாத்தாக்கள் எல்லோரும் எழுந்தார்கள். ஒருவர் சாவிக்கு ஓடினார், ஒருவர் விளக்கைப் போட்டார், ஒருவர் எங்கிருந்தோ காகிதச் சுருளை மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார். போட்டியையே நிறுத்திவிட்டார்கள்.

கழிப்பறைக் கதவு திறந்ததும் வரிசையில் முதலில் நிற்பது நான். கோர்னேலியா என் கையைப் பிடித்து, "யாக்னா, என்னால முடியலடி" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் என் பெயரைச் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். எனக்கு என்னென்னவோ சொல்லத் தோன்றியது, நல்ல நல்ல பதிலாக. ஆனால் வாயில் வந்தது, "நீ முதல்ல போ."

அப்புறம் பையன்களும் வந்தார்கள், டிரைவர்கூட வந்தார்! நன்றி சொல்ல யாருக்கும் ஹங்கேரிய மொழி தெரியாததால் அங்கேயே நின்று பாடினோம். இரண்டாம் குரலில் நானும் பாடினேன், வழக்கம்போல முணுமுணுக்காமல், வாயைத் திறந்து. பாடி முடித்ததும் தாத்தாக்கள் மரக்கட்டைகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அந்தக் குனிந்த தாத்தா தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைத்தார். ராணிக்கு வைப்பதுபோல, அம்மா! பஸ்ஸில் ஏறும்போது யாரும் காலைத் தூக்கவில்லை. கோர்னேலியா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த கம்போட்டை நீட்டினாள். அதைக் குடித்தேன்.

இரவுச் சாப்பாடு முடிந்து ஹலினா டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேடை போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "நாளையிலிருந்து முன்சீட்ல என் பக்கத்துல உக்காரு. எங்க நிறுத்தணும்னு நீ சொல்லு" என்றார். பிறகு மெதுவாக, "எனக்கும் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்குடு. நானும் காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கல" என்றார். பஸ் முழுவதையும் நடுங்க வைக்கும் டீச்சர்!

அதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் குடிக்கவில்லை, டீச்சரும் குடிக்கவில்லை. பிப்ரவரியில் நீ ஜெர்மனியில் ஆஸ்பத்திரியில் இருந்தாயே, காய்ச்சல் என்று சொன்னாய். சிறுநீரகத்தில் கிருமி என்று ரெனாத்தா சித்தி யாரிடமோ சொல்வதைக் கேட்டேன். லாரி நிறுத்துமிடங்களில் ராத்திரி பெண் ஒருத்தி இறங்கி நடக்க முடியாது, அதனால் நீ நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே ஓட்டுகிறாய் என்றாள். எனக்குத் தெரியும் என்று உன்னிடம் சொல்லப் பயந்தேன். எல்லா மொழியிலும் கேட்கத் தெரிந்தவள் நீ. நீ ஏன் கேட்கவில்லை?

செருப்புச் சத்தம் வருகிறது. சீக்கிரம் முடிக்கிறேன்.

நாளைக் காலை ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடிப்பேன். பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் குடிப்பேன். இந்த வாரம் முதல்முறையாகப் போர்ச்சுகலுக்குப் போகிறாய் என்று சித்தி சொன்னாள். அங்கே எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது. புத்தகத்தில் பார்த்துச் சொல்லாதே அம்மா. வெளிச்சம் உள்ள இடமாகப் பார்த்து லாரியை நிறுத்தி, இறங்கி, ஒரு ஆளிடம் நிஜமாகவே கேட்டுவிட்டு வந்து எனக்குச் சொல். நான் திருப்பிச் சொல்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் யாக்னா