குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது

மார்ச் 4

கட்டடங்களால் வெளியாகும் கரியமில வாயுவைக் குறைப்பதற்கான தேசியத் திட்டம் - இரண்டு வருடமாக எங்கள் பிரிவு இதைத்தான் எழுதுகிறது. இன்று வரைவு இயக்குநரிடமிருந்து திரும்பி வந்தது. என் பத்தி ஒன்றைக் காணோம். அரசு மானியத்தில் பழைய வீட்டுக்கு வெப்பத்தடுப்பு போடும் உரிமையாளர், அதையே சாக்காக வைத்துக் குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது, வாடகையை உயர்த்தவும் கூடாது என்ற பத்தி.

கேட்டேன். "உரிமையாளர் சங்கம் முணுமுணுக்கிறாங்கம்மா. பிறகு பார்ப்போம்" என்றார்.

அவருக்கு எல்லாமே பிறகுதான்.

மார்ச் 9

எரிச்சல் அடங்கவில்லை. பாவம், என் கணவர் மேல் எரிந்து விழுந்தேன்.

மார்ச் 21

அக்கா வந்தாள். அவள் இருப்பது மொட்டைமாடிக்கு நேர் கீழே. வெயில் காலத்தில் சுவரில் கை வைக்க முடியாது. அப்படிப்பட்ட வீடுகளுக்காகத்தான் இந்தத் திட்டமே. சோதனை முயற்சியாக அவள் தெருவுக்கு முன்கூட்டியே மானியம் கொடுத்திருக்கிறார்கள். உரிமையாளர் வாங்கிக்கொண்டு, காலி செய்யச் சொல்லிவிட்டார்.

"வேலை முடிஞ்சதும் வாடகையை ஏத்தி வேற ஆளை வைப்பாராம். இது உங்க ஆபீஸ் திட்டம்தானேடி?"

ஆமாம் என்றேன்.

"இத்தனை வருஷம் வெந்தது நாங்க. குளுகுளுன்னு இருக்கப்போறது வேற யாரோ."

மார்ச் 22

யாருக்காக இதையெல்லாம் எழுதினேன்?

மார்ச் 24

மறுபடி இயக்குநரிடம் போனேன். அக்கா கதையைச் சொன்னேன். "ஓ, சொந்த அக்காவுக்காகவா இந்தப் பாடு?" என்று சிரித்தார். சிரிப்பு!

அந்தப் பத்தியை நான் எழுதியபோது அக்கா தெருவுக்கு மானியமே வரவில்லையே - இது வாசலைத் தாண்டிய பிறகுதான் வாயில் வந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான்.

ஏப்ரல் 11

பொதுமக்கள் கருத்துக் கேட்பு. அரங்கு நிறைந்த கூட்டம். ஒரு பெரியவர் எழுந்து, வாடகைக்கு இருப்பவர்களின் கதி என்ன என்று கேட்டார். மேடையில் இயக்குநர், "அப்படியொரு யோசனை எங்க முன்னாடி வரவே இல்லைங்க" என்றார்.

வரவே இல்லையா?

பின்வரிசையிலிருந்து எழுந்துவிட்டேன். "வந்தது சார். நான் எழுதினேன், நீங்க எடுத்தீங்க." பத்தியை மனப்பாடமாகச் சொன்னேன். அதற்குமேல் அவரை யாரும் பேசவிடவில்லை.

ஏப்ரல் 17

லிஃப்ட் உரிமப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். "வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டீங்களே" என்றாள் பக்கத்து மேசைக்காரி. போகட்டும். லிஃப்டாவது மேலே போகும்.

ஜூன் 2

திட்டம் வெளியானது. பத்தி இருக்கிறது! சோதனைத் தெருக்களுக்கும் சேர்த்து. வாடகையை உயர்த்தத் தடை இரண்டு வருடத்துக்கு மட்டும் என்று ஓரத்தில் கடித்திருக்கிறார்கள். எழுதியவர்கள் பட்டியலில் நான் இல்லை. "ஆரம்பத்திலிருந்தே இது எங்கள் நோக்கம்" என்று இயக்குநர் பேட்டி. பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

ஆகஸ்ட் 18

அக்கா ஃபோன். "காலி பண்ணச் சொன்ன ஆள் இப்போ எங்களை உள்ள வச்சுக்கிட்டே வேலை பார்க்கிறார். வீடு பூரா தூசிடி. காலையிலேர்ந்து ஜன்னலைப் பேர்க்கிறாங்க, காது கிழியுது. ஆளுங்க இருக்கிற வீட்ல இப்படியா வேலை செய்வாங்க?" பின்னால் துளைபோடும் சத்தம்.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, அவள் திட்டி முடிக்கும் வரை கேட்டேன்.