அறுநூற்றுப் பதினொன்றுக்கு அறுநூற்றுப் பதினொன்று

அன்புள்ள ரோஸலிண்டுக்கு,

உடம்பைப் பொறுத்தவரை நாங்கள் இருவரும் சுகம். என் முழங்கால்கூட இந்த ஊர் மாநகராட்சியைவிட ஒழுங்காக வேலை செய்கிறது. டனீடினில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தேர்தல் முடிவை அம்மா எழுதுவதற்குள் நானே எழுதிவிடுவது நல்லது.

ஹார்ட்லி சாலை நீச்சல்குளத்தை மூடவிடக் கூடாது என்று அம்மா சுயேச்சையாக நின்றாள் அல்லவா, எதிரே குளத்தை மூடச் சொன்ன கிளைவ் பார்ஜெட்டர், பன்னிரண்டு வருடமாக நம் வட்டத்தின் மாநகராட்சி உறுப்பினர், அந்தப் பன்னிரண்டு வருடமும் அவர் செய்த தொண்டு, சாலைக் குழி ஒன்றை விரலால் சுட்டிக்காட்டியபடி படம் எடுத்து வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் போட்டது. எப்போதும் அதே குழி. கோட்டு மட்டும் மாறும். நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் ஓட்டுப் போட வரவே இல்லை, மழையாம், மழையை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தவர்கள் போல. வந்தவர்களில் பாதிப் பேர் அந்த விரலுக்கே போட்டார்கள். குளத்துக்காக முதல் கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டு நார்மன் உட்பட. ஹேசல், பார்ஜெட்டர் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்புறாரு, போடாம அவரு முகத்துல எப்படி முழிக்கிறது என்று அம்மாவிடமே சொன்னான். எனக்கும்தான் அனுப்புறாரு, என் பேரைத் தப்பா எழுதி, என்றாள் அம்மா.

மூன்று முறை எண்ணியும் ஆளுக்கு அறுநூற்றுப் பதினொன்று. அதனால் நாடாளுமன்றங்களுக்கெல்லாம் தாய் என்று பீற்றிக்கொள்ளும் இந்த தேசத்தில், தேர்தல் அதிகாரி இரண்டு சீட்டுகளைக் காலி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பார்ஜெட்டர். மக்கள் தெளிவான தீர்ப்பு வழங்கிவிட்டார்கள் என்று அவர் நன்றியுரை ஆற்றினார்.

இதற்கு மேல் எழுதத்தான் கை வரவில்லை. குலுக்கலுக்கு முன்பே, செல்லாத ஓட்டுகளை வேட்பாளர்கள் இருவருக்கும் காட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்றில் அம்மா பெயருக்கு நேரே ஓட்டுக்கான பெருக்கல் குறி, சுத்தமாக. பார்ஜெட்டர் பெயருக்கு நேரே, இவருக்கு மூடத் தெரிந்தது குளத்தை மட்டும், குழியை அல்ல என்று ஒரு வரி. அடியில் என் முழுக் கையெழுத்து. முப்பது வருடமாகப் பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதுகிறவன் நான், பெயர் போடாமல் எழுதுவது கோழைத்தனம் என்று நினைக்கிறவன், கை தானாகப் போட்டுவிட்டது. போட்டவர் யாரென்று தெரிந்தால் அந்த ஓட்டுச் செல்லாது. பார்ஜெட்டர் என் கையைக் குலுக்கி, நல்லா எழுதறீங்க ஆர்தர், இதைச் சட்டம் போட்டு மாட்டணும் என்றார். அந்த ஆளிடமிருந்து பாராட்டு வாங்கவும் நான் பிழைத்திருந்தேன்.  வீடு வந்து கதவைத் திறக்கும்போது அம்மா, ஒரு பெருக்கல் குறி போதும் ஆர்தர், ஒரே ஒரு நாள் அதோட நிறுத்தியிருக்கக் கூடாதா என்றாள்.

செப்டம்பர் கடைசியோடு குளம் மூடல். தினமும் காலை ஏழு மணிக்கு அம்மாவைக் கொண்டுபோய் விடுகிறேன். உள்ளே வர அம்மா எனக்கு அனுமதி தரவில்லை, காரில் உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் எல்லா நலமும் சேரட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அம்மாவுக்கு போன் செய். என் பக்கம் பேசாதே, பேச அங்கே ஒன்றும் இல்லை.

அன்புடன்,
அப்பா