மூக்குத் தடம் பதிந்த கண்ணாடி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எங்கள் துறைமுக அருங்காட்சியகத்தில், கட்டாயம் பார்க்க வேண்டியவை என்று ஒரு கையேடு தயாரித்தார்கள். முதல் பக்கத்தில் பழைய கடற்படைத் தளபதி ஒருவரின் தங்க வாள்தான் என்று கூட்டத்தில் சொன்னார் மேலாளர். நான் அங்கேயே ஏணியில் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். என் வாய் சும்மா இருக்குமா?

"வாள் பெட்டியை வாரத்துக்கு ஒரு தடவை துடைச்சாப் போதும் சார். எலி கடிச்ச அந்தப் பழைய கப்பல் ரொட்டி இருக்கே, அந்தக் கண்ணாடியை ஒரு நாளைக்கு நாலு தடவை துடைக்கிறேன். அவ்வளவு மூக்குத் தடம்," என்றேன்.

எல்லோரும் ஒரேயடியாகத் திரும்பிப் பார்த்ததில் கால் வழுக்கிக் கீழே வந்துவிட்டேன். வெறும் சிராய்ப்புதான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

கையேடு அச்சாகிவிட்டது. முதல் பக்கத்தில் ரொட்டி! இத்துடன் இரண்டு பிரதிகள் வைத்திருக்கிறேன். ஒன்று, "கண்ணாடி துடைக்கவா கடல் தாண்டுறே?" என்று கேட்ட சித்தப்பாவுக்கு.

இங்கே தரும் துணி சரியில்லை. உங்கள் பழைய துண்டு ஒன்று அனுப்புங்கள். மணி அடித்துவிட்டார்கள், ரொட்டியைப் பார்க்க வாசலில் வரிசை நிற்கிறது.

துண்டைத் துவைக்காமலே அனுப்புங்கள்.

உங்கள் கடைக்குட்டி