அன்ரன் அண்ணையின் பெயரை ஏற்காத நிறுவி

ஆனி 3, திங்கள்

புழுக்கம். இலை அசையவில்லை. காலையிலிருந்து நிறுவியோடு மல்லுக்கட்டல். இலவசத் தரவுத்தளம், யாரும் எடுத்துப் பாவிக்கலாம். ஆனால் விண்டோஸ் கணினியில் ஏற்றுவதற்குள் ஆள் களைத்துவிடும். இரண்டு முறை தட்டினாலே அது ஏறட்டும் என்று இந்த நிறுவியை நான் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறேன். அம்மா: "உதாலை ஆருக்குப் பிரயோசனம்?"

ஒருவருக்கு உண்டு. குருநகரில் மீன்வலைக் கடை வைத்திருக்கும் அன்ரன் அண்ணை. இரத்தம் கொடுப்பவர்களைத் தேடிப்பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புபவர். விவரமெல்லாம் கைபேசியில் துண்டு துண்டாக. ஒழுங்காகத் தேட வழிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மத்தியானம் நிறுவியை அவருக்கு அனுப்பினேன். பின்னேரம் அழைத்தார். "தங்கச்சி, பாதியிலை நிண்டிட்டுது. சிவப்பாய் என்னவோ எழுதிக் கிடக்கு."

என் கணினியில் நன்றாக ஓடுகிறது.

செவ்வாய்

ஸ்கூட்டியில் குருநகர். அண்ணையின் மனைவி தேசிக்காய்த் தண்ணீர் தந்தார். காரணம் பிடிபட்டது. கணினியில் தன் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறார். அந்தப் பெயருள்ள கோப்புறைக்குள் போகத் தெரியாமல் தரவுத்தளம் விழுகிறது.

"இங்கிலீசிலை புதுப்பேர் ஒண்டு போட்டால் சரிவரும் அண்ணை."

"என்ரை பேரிலை என்ன பிழை?"



புதன்

திருத்தம் எழுதினேன். வேறோர் இடத்தில் உடைந்தது. தரவுத்தளத்தை நடத்துபவர்களுக்கு எழுதினேன். பதில்: தெரிந்த சிக்கல்தான், ஆங்கில எழுத்தைப் பாவிக்கச் சொல்லுங்கள். மரியாதையான பதில். கோபிக்கவும் முடியவில்லை. மத்தியானம் மின்வெட்டு. பால்மா வாங்க மறந்துவிட்டேன்.

பின்னேரம் அண்ணை: "ஏறிட்டுது தங்கச்சி! பேரை மாத்திப் போட்டன்."

"என்ன பேர் போட்டனீங்கள்?"

"யூசர்."

சந்தோசப்பட்டிருக்க வேண்டும்.

சனி

எப்படி ஓடுகிறது என்று பார்க்கக் குருநகர் போனேன். கைபேசியில் கிடந்த விவரமெல்லாம் அண்ணை ஏற்றிவிட்டிருந்தார். நான் அங்கே இருக்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. கொடிகாமத்தில் விபத்து, இளம் பெண். ஓ நெகற்றிவ் உடனே வேண்டும். அண்ணை தட்டினார். நொடியில் மூன்று பெயர். எனக்குப் புல்லரித்தது.

முதலாமவர் கனடா போய்விட்டார். இரண்டாமவர் கடலில், தொடர்பில்லை. மூன்றாமவரின் மகள் எடுத்தாள்: "அப்பா செத்து ஒரு மாசம்."

அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். ஒலிபெருக்கியில் அவருடைய குரல். நான் கதிரையில். திரும்பத் திரும்பத் தேடினேன். அதே மூன்று பேர்.

அறிவிப்புக் கேட்டு மீன் வியாபாரி ஒருவர் வந்தார், பெட்டி கட்டிய சைக்கிளோடு. "என்ரையும் அந்த இரத்தம்தான்." முச்சக்கர வண்டி பிடித்து அனுப்பினோம்.

ஞாயிறு

இரத்தம் ஏற்றினார்களாம். தாங்கவில்லையாம். விடியப்புறம் அந்தப் பெண் போய்விட்டார்.

திரும்பவும் குருநகர் போனேன். பூசை முடிந்து வந்து அண்ணை கணினியின் முன் உட்கார்ந்தார். மீன் வியாபாரியின் பெயரைப் போட்டார்.

"தங்கச்சி, செத்தவரை அழிச்சிடுவம். கனடாக்காரரை என்ன செய்யிறது? திரும்பி வருவாரோ?"

செத்தவரின் பெயரை மட்டும் அழித்தோம்.