மோர் குடித்த மோட்டார்

1936 மே 2, சனி

கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. காலையில் மோட்டாரைத் துடைத்தேன். மத்தியானம் மறுபடியும் துடைத்தேன்.

"பெத்த பொண்ணுக்குக் கல்யாணம் நெருங்கறது. இவர் என்னடான்னா மோட்டாருக்குத் தலை துவட்டிண்டு இருக்கார்" என்றாள் பாலாம்பாள். கட்டியவளுக்கு இதெல்லாம் எங்கே புரிகிறது! மேலூர் சம்பந்தி பட்டாபிராமன் சீர் செனத்தி எதற்கும் வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: கல்யாணத்துக்கு முதல் நாள் ஜானவாச ஊர்வலத்தில் மாப்பிள்ளை திறந்த மோட்டாரில் வர வேண்டும். "என் வண்டியே இருக்கே ஓய்!" என்று மார்தட்டியவன் நான். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த வண்டிதான். இருந்தாலும் திறந்த வண்டி.

மே 5, செவ்வாய்

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மேலூரில் சம்பந்தி வீட்டில் பேச வேண்டியதைப் பேசிவிட்டு, பாலாம்பாளோடு திரும்பினேன். ஒத்தக்கடை வரைக்கும் வண்டி ராஜா மாதிரி வந்தது. கோரிப்பாளையத்தை நெருங்கும்போதுதான் இன்றைக்கு எதிர்சேவை என்பது மண்டையில் உறைத்தது. அழகரை எதிர்கொள்ள ஊரே தெருவில் நிற்கிறது. ஓர் அடி ஓட்டுவதும் நிறுத்துவதுமாக ஊர்ந்தேன். உள்ளே கடகடவென்று சத்தம். அப்புறம் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி. அப்புறம் — அவ்வளவுதான், நின்றுவிட்டது.

பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தல். அதை நடத்துகிற அழகுமலை மீசையும் தலைப்பாகையுமாக ஓடி வந்தான். "தள்ளி நில்லுங்க வக்கீல் சாமி. வண்டிக்குத் தாகம் எடுத்துருச்சு." பந்தலில் தண்ணீர் தீர்ந்துவிட்டதாம், இருப்பது நீர்மோர்தானாம். முதலில் ஆறட்டும், அப்புறம் தண்ணீரே கொண்டுவா என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்துப் பாலாம்பாள் தலை சுற்றுகிறது என்றாள். அவளை நிழலில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினால், இஞ்சின் மேல் தகட்டைத் தூக்கி நிறுத்திக்கொண்டு ஆளாளுக்குச் செம்பும் கையுமாக நிற்கிறார்கள்.

"எவ்வளவுப்பா ஊத்தினே?"

"அது குடிச்ச மட்டும் ஊத்துனோம் சாமி. எங்க பந்தல்ல இருந்து தாகத்தோட யாரும் போனதில்ல."

மாடு பூட்டி வீட்டுக்கு இழுத்து வந்தோம். வழி நெடுகச் சிரிப்பு. பாலாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோ அந்நிய மனுஷன் வண்டியில் ஏறியவள் போல வந்தாள்.

மே 6, புதன்

அழகர் ஆற்றில் இறங்கினார். ஊரே போயிற்று. நான் போகவில்லை. வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெருங்காய வாசனை ஆளைத் தூக்குகிறது.

மே 7, வியாழன்

மெக்கானிக் பேச்சிமுத்து திருவிழா முடிந்து நாளைக்குத்தான் வருவானாம். கோர்ட் இல்லாமல் பொழுது போகாத வக்கீல்கள் மட்டும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். அத்தனை சூட்டில் பிஸ்டன் இறுகிப் பிடித்திருக்கும் என்றார் ஒருவர். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். நன்றாகவே சுற்றியது. "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்று உடனே கட்சி மாறினார். இன்னொருவர், சாட்சியம் போதாது என்று வாய்தா கேட்டார். எல்லோருக்கும் காபி கொடுத்தது பாலாம்பாள். என்னை முறைத்ததும் அவள்தான்.

மே 8, வெள்ளி

பேச்சிமுத்து வந்தான். அடுக்களையிலிருந்து ஒரு சட்டி வாங்கி வண்டிக்கு அடியில் வைத்து, திருகைக் கழற்றி இஞ்சின் எண்ணெயை இறக்கினான். கறுப்பாக வர வேண்டியது வெள்ளையாக, நுரைத்துக்கொண்டு வந்தது.

"எண்ணெய்யி மோரு கணக்கா வந்தா, உள்ள வெடிப்பு விட்ருச்சுன்னு அர்த்தம்யா. ரேடியேட்டர்ல இருக்கறது எண்ணெய்யில எறங்குது. மெட்ராசுல இருந்து சாமான் வரணும். ஒரு மாசம் ஆகும்."

ஒரு மாசமா! ஜானவாசம் பதினாலாம் தேதி. இந்த ஜில்லாவில் வேறு திறந்த மோட்டார் வைத்திருப்பவர்களை விசாரித்தாயிற்று, எல்லாம் வேறு கல்யாணங்களுக்குப் போய்விட்டது. பட்டாபிராமன் முகத்தில் எப்படி விழிப்பேன்? என்னைத் திட்டினால் துடைத்துக்கொண்டு போவேன். என் பெண்ணையல்லவா ஆயுசு முழுக்கக் குத்திக்காட்டுவார்கள், உங்கப்பா சொன்ன மோட்டார் எங்கேடி என்று?

அனந்தலக்ஷ்மி பக்கத்தில் வந்து நின்றாள். "போனாப் போறதுப்பா. அவர் நடந்தே வரட்டும்" என்றாள். அதைக் கேட்டதும் ஓடாத வண்டியை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தேன்.

மே 9, சனி

பாலாம்பாள் தன் சட்டி எங்கே என்று கேட்டு வந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு குச்சியால் கிளறினாள்.

"ஏன்னா, இதிலே கருவேப்பிலை கிடக்கே?"

"கிடக்கும். ரேடியேட்டர்லே மோர். வெடிப்பு வழியா எண்ணெயிலே இறங்கியிருக்கு. வாசனைகூட வரது பார்."

"வாசனை இறங்கும். இலை முழுசா இறங்குமோ? அம்மாம் பெரிய வெடிப்புன்னா வண்டியே ரெண்டாப் பொளந்திருக்காதா?"

இத்தனை வருஷமாக எத்தனையோ சாட்சிகளை மடக்கியிருக்கிறேன். இன்றைக்கு மடங்கியது நான்.

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். அழகுமலை பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தான். வண்டியில் எந்த வாயில் மோர் ஊற்றினாய் என்று கேட்டேன்.

"ரெண்டு வாய்லயுந்தேன். முன்னால ஒரு மூடி இருந்துச்சு, ஊத்துனோம். உள்ளாற இன்னொரு மூடி இருந்துச்சு. ஒருத்தனுக்கு ஊத்திட்டுப் பக்கத்துல நிக்கிறவனுக்கு இல்லேன்னா, அது பாவமில்லையா சாமி?"

இஞ்சின் எண்ணெய் ஊற்றும் வாயில் செம்பு செம்பாக மோர் ஊற்றியிருக்கிறான் படுபாவி! நடுத்தெருவில் அவனைக் கட்டிக்கொண்டேன்.

மே 10, ஞாயிறு

பேச்சிமுத்து லேசில் நம்புகிற ஆளா? "வெடிப்பும் இருக்கலாம், மோரும் ஊத்தியிருக்கலாம்ல?" என்றான். அதுவும் நியாயந்தான். இஞ்சினை மண்ணெண்ணெய் விட்டு அலசினான், புது எண்ணெய் விட்டான். ரேடியேட்டரை, தண்ணீர் தெளிந்து வரும்வரை கழுவி நிரப்பினான். வண்டியைக் கிளப்பி ஓடவிட்டு, திறந்த மூடிக்குள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். குமிழ் விட்டால் வெடிப்பு. மீனாட்சி, குமிழ் விடாதே தாயே!

விடவில்லை. எண்ணெயும் வெளுக்கவில்லை.

"இஞ்சினுக்கு ஒண்ணுமில்லய்யா" என்றான். தேங்காய் உடைக்கக் கை ஓங்கினேன். அப்போது கேட்கிறான் — "ஊர்கோலம் எம்புட்டு நேரம் போகும்?"

நாயனக்காரர் பல்லவி வாசித்து ஓயும் வரைக்கும், இரண்டு மூன்று மணி நேரம் போகும் என்றேன்.

"அப்ப கொதிச்சிரும். ஓடுனாத்தான் காத்துப் படும். அன்னைக்கு ஊர்ந்ததுலதான இம்புட்டும் வந்துச்சு? இந்தத் தடவை நெசமாவே வெடிச்சிரும்யா."

தேங்காயைக் கீழே வைத்தேன்.

மே 12, செவ்வாய்

அழகுமலை வந்தான். மோர் ஊற்றியது உறுத்துகிறதாம். நடந்ததைச் சொன்னேன்.

"இதுக்கா சாமி மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்கீக? வண்டியக் கெளப்பாதீக. சப்பரம் தூக்குற தோளு, ஒரு மாப்பிள்ளையத் தள்ளாதா?"

பாலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சம்பந்தி காதில் விழக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

மே 14, வியாழன்

நானே சக்கரத்தைப் பிடித்தேன். இஞ்சின் தூங்கியது. முன்னால் நாயனமும் காஸ் விளக்குகளும். பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக அழகுமலையும் அவன் ஆட்களும். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தானும் ஏறி உட்கார்ந்துகொண்டார் பட்டாபிராமன். நான் அவ்வப்போது ஹாரனை அமுக்கினேன்.

"பஞ்சாபகேசன், என்ன வண்டி ஓய் இது! இஞ்சின் ஓடறதே தெரியலையே!"

"எல்லாம் வச்சுக்கறதிலே இருக்கு" என்றேன்.

கோயில் பக்கம் தெரு கொஞ்சம் மேடு. "பின்னாலே புஸ் புஸ்னு ஏதோ கேக்கறதே?" என்றார். புகை போகிற குழாய் என்றேன். குழாய் உடனே மூச்சை அடக்கிக்கொண்டது.

தனக்கும் இதே மாதிரிச் சத்தம் போடாத வண்டி ஒன்று பார்த்து வாங்கித் தர வேண்டுமாம்.

மே 15, வெள்ளி

தாலி கட்டியாயிற்று. கெட்டிமேளச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

மே 18, திங்கள்

மாப்பிள்ளையையும் அனந்தலக்ஷ்மியையும் நானே மேலூரில் கொண்டுபோய் விட்டேன். இன்றைக்கு இஞ்சினைக் கிளப்பித்தான் ஓட்டினேன். எதிர்காற்று நன்றாக அடித்தது. அவள் பின்னால் உட்கார்ந்து, விட்டு வந்த ஊரையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒத்தக்கடை தாண்டியதும் ரேடியேட்டர் மூடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஆவி வருகிறதா, ஆவி வருகிறதா என்று. கொஞ்சம் வந்தால்தான் என்ன? ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, ஆறுகிற வரைக்கும் குழந்தையோடு பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

பாழாய்ப்போன வண்டி. துளிகூடக் கொதிக்காமல் நேரே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.