எண்ணெய் ஆகாத தொட்டில்துணி

மதினி,

முதலில் பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உன்னிடம் நான் எப்போது வேறு பேச்சை எடுத்திருக்கிறேன்? என் மகள் வயிற்றுப் பேரன் மனக்கணக்கில் முதலாவதாக வந்து வாத்தியார் கையால் பேனா வாங்கியிருக்கிறான். அவன் தங்கச்சி தமிழையும் மலையாளத்தையும் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறாள். ஐந்தாவதோடு நின்ற என்னை இப்போதே திருத்துகிறாள். உன் மகன் தங்கராசு ரப்பர் பாக்டரியில் மேற்பார்வைக்கு வந்துவிட்டான். துரை அவனை உட்காரச் சொல்லித்தான் பேசுகிறாராம். உடும்பஞ்சோலைச் சந்தையில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பீற்றிக்கொள்கிறேன் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

அந்தத் தங்கராசு போன வாரம் வந்தான். கோயம்புத்தூரில் வாங்கிய மழைக்கோட்டு ஒன்றை என் மடியில் வைத்தான்.

"அத்தை, இனிமே சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு ஏலக்காட்டுக்குப் போகாதீங்க. என்னைப் பார்த்துச் சிரிக்கிறானுவ."

மடிப்பைப் பிரித்தேன். குப்பென்று அந்த வாடை அடித்தது. புளித்த பாலும் புகையும் கலந்த வாடை, அதன்மேல் கொஞ்சம் கந்தகம். கண்ணீர் என் கண்ணை மறைத்துவிட்டது. அவனுக்கு என்ன தெரியும்? புதுத்துணியைக் கண்ட சந்தோஷம் என்று நினைத்து விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டான். ரப்பர் பாலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நூல்கள் நீளநீளமாகச் சுருண்டு கிடக்குமாம். தண்ணீருக்கும் அந்த நூலுக்கும் ஒட்டே கிடையாதாம். அதனால்தான் மழை உள்ளே இறங்காமல் உருண்டு ஓடுகிறதாம். கந்தகம் சேர்த்துச் சூடு காட்டினால் நூலுக்கு நூல் முடிச்சு விழுந்துவிடுமாம். அப்புறம் வெயிலில் இளகாது, பனியில் விறைக்காது.

"ஆனா அத்தை, எண்ணெய் மட்டும் படாம பார்த்துக்கிடுங்க" என்றான்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன் மதினி. அவன் முன்னால் அழுதால் காரணம் கேட்பான். அவனுக்கு அக்கா ஒருத்தி இருந்தாள் என்று சொல்லியிருக்கிறோம். அவள் போன விதத்தை நீயும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

அது ஒரு ஆடி மாதம். கீழ்த்தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தோம். தொட்டில்துணியை மரக்கொம்பில் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, மற்ற பெண்களைப்போலவே நாமும் வரிசை வரிசையாகத் தள்ளிப் போய்விட்டோம். மழை சரிவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. ஓடி வந்து பார்த்தபோது தொட்டில் தண்ணீர் சுமந்து தொங்கியது. பிள்ளை அழுது ஓய்ந்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். நெஞ்சுச்சளி கட்டியது. அந்த வாரம் முடியுமுன்னே போய்விட்டாள். அப்புறம் நீ பேசுவதையே விட்டுவிட்டாய். அண்ணன் உன்னைப் பார்த்தால் நீ சுவரைப் பார்ப்பாய். லயத்து வரிசையில் வீடு நிறைய ஆள் இருந்தும் நம் வீடு மட்டும் பூட்டிக் கிடந்த மாதிரி இருந்தது.

தங்கராசு பிறந்தபோதுதான் உன் வாய் திறந்தது. திறந்ததும் மழையைப் பற்றித்தான் கேட்டாய். "இந்த வருஷம் மழை எப்ப இறங்கும்ட்டி?"

அண்ணன் பால்வெட்டுக்காரன் அல்லவா? அவன் சட்டையெல்லாம் ரப்பர் பால் சொட்டிக் காய்ந்து கிடக்கும். ஓடையில் அதைத் துவைத்துக்கொண்டிருந்த நீ திடீரென்று கூப்பிட்டாய்.

"ஏட்டி, இங்க வா. இந்தக் கறை மேல தண்ணி ஊத்து."

ஊற்றினேன். சுற்றியுள்ள துணி நனைந்தது. கறைமேல் தண்ணீர் முத்து முத்தாக நின்று உருண்டு விழுந்தது. மறுபடி ஊற்றச் சொன்னாய். மறுபடியும்.

"சட்டையைத் துவைக்கியளா, சோதிடம் பார்க்கியளா?" என்று கேட்டேன்.

"முழுத்துணியும் கறையா இருந்தா எப்படிட்டி இருக்கும்?" என்றாய். உன் கண்ணில் அந்தப் பழைய வெளிச்சத்தை அன்றுதான் திரும்பப் பார்த்தேன்.

மரத்தில் பால் பிடிக்கிற சிரட்டைகளைக் கழுவிக் கொட்டுகிற பாலை எடுத்துக்கொள்ள மேஸ்திரி சம்மதித்தார். ஆனால் அது வீடு வந்து சேருமுன் தயிராக உறைந்துவிடும். பாக்டரியில் பால் உறையாமலிருக்க மூக்கை எரிக்கிற மருந்து ஒன்று விடுவார்கள். அதில் கொஞ்சம் அண்ணன் கேட்டு வாங்கி வந்தான். பழைய வேட்டியை இழுத்துக் கட்டி, தேங்காய்நாரைத் தூரிகையாக்கிப் பூசினோம். முதலில் கெட்டியாகப் பூசியதில் சுருக்கம் விழுந்து உரிந்தது. பிறகு மெல்லிசாக ஒரு பூச்சு, நிழலில் காயவிட்டு அதன்மேல் இன்னொரு பூச்சு. காய்ந்ததை அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டோம். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கச் சாம்பல் தூவினோம். நம் வீட்டுச் சோறெல்லாம் ரப்பர் நாறியது. அண்ணன் முனகிக்கொண்டே தின்றான்.

துணி தயாரானதும் நீ செய்த முதல் வேலை, பிள்ளைக்குத் தலை முதல் கால் வரை தேங்காயெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மினுமினுவென்று மறுபடி எண்ணெய் தடவி, அதற்குள் சுற்றியதுதான். நம் சனங்களில் எந்தத் தாய்தான் அப்படிச் செய்யமாட்டாள்? மறுநாள் காலையில் உள்பக்கம் கூழாகிக் கிடந்தது. விரலை வைத்தால் பிசின்போல இழுத்தது. துணியோடு ஒட்டின பிள்ளையை நீ உரித்து எடுத்தாய்.

பக்கத்து வீட்டு மூக்காயி எட்டிப் பார்த்தாள். "ஏளா, பிள்ளைக்குத் தொட்டில் கட்டுனியா, பலாப்பழம் அறுத்தியா?" என்று சிரித்தாள். நீயோ மிஞ்சிய துண்டு ஒன்றை எடுத்து, ஒரு மூலையில் தண்ணீர், ஒரு மூலையில் எண்ணெய் வைத்து அன்று பொழுதுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். சாயங்காலம் எண்ணெய் மூலை ஊதி நெகிழ்ந்திருந்தது. தண்ணீர் மூலை அப்படியே இருந்தது.

மழைக்குமுன் கடைசியாக வெட்டிய பாலில் இரண்டாம் துணி பூசினோம். அன்றிலிருந்து உன் பிள்ளைமேல் பொட்டு எண்ணெய் படவில்லை. உச்சிக்குக்கூட வைக்கவில்லை. லயமே வாயில் கைவைத்தது. எண்ணெய் வைக்காத பிள்ளைக்கு உச்சிக்குழி மூடாது, கண் தெரியாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானே பயந்துபோய், "மதினி, ஒரு துளி மட்டும்" என்று கெஞ்சினேன். அண்ணன் கத்தினான்: "என் பிள்ளை சாம்பல் பூத்த பல்லி மாதிரி இருக்கு. ஊர் என்ன சொல்லும்?"

நீ பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாய்: "காஞ்ச பிள்ளைன்னு சொல்லட்டும். நனைஞ்ச பிள்ளையை நான் ஒருக்கப் பார்த்துட்டேன்."

மழையில் பால்வெட்டு நின்றதும் நம்மை மேலே உடும்பஞ்சோலை ஏலக்காட்டுக்கு அனுப்பினார்கள். தொட்டிலுக்கு மேலே துணியைக் கூரைபோலச் சரித்துக் கட்டினாய். இரண்டு பக்கமும் காற்றுக்கு இடம் விட்டாய். நடுப்பகலில் மலையே இடிந்து விழுகிற மாதிரி மழை. கங்காணி கூப்பிடக் கூப்பிட நீ பறித்த காயைக் கொட்டிவிட்டு ஓடினாய். செடிக்குள் வழுக்கி விழுந்து எழுந்தாய். பின்னாலேயே நானும் ஓடினேன். தொட்டில் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றுவிட்டாய். கை நீளவில்லை உனக்கு.

"நீ பாருட்டி" என்றாய்.

நான் பார்த்தேன். துணிமேல் தண்ணீர் ஓடைபோல ஓடுகிறது. உள்ளே உன் மகன் வாயில் விரலோடு தூங்குகிறான். கழுத்தில் வேர்வைகூட இருந்தது. "காஞ்சிருக்கான் மதினி" என்றேன். நீ உன் ஈரக்கையைச் சேலையில் துடைத்தாய், சேலையும் ஈரம். கடைசியில் கன்னத்தை மட்டும் அவன் வயிற்றில் வைத்துப் பார்த்தாய். பிறகு அந்த மழையிலேயே சேற்றில் உட்கார்ந்து மூத்தவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாய். அவள் போன நாளிலிருந்து நீ சொல்லாத பெயர். நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாம் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம். அவன் ஒருத்தன் நனையவில்லை.

நீயும் அவளிடம் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. மழை இறங்கினால் இன்றைக்கும் என் காலுக்கு ஓடவேண்டும்போல இருக்கிறது. எந்தப் பிள்ளையைத் தூக்கினாலும் முதலில் கன்னத்தை அதன் வயிற்றில் வைத்துப் பார்க்கிறேன். என் மருமகள் கேலி செய்கிறாள். உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுதான், செய்துகொண்டுதான் இருப்பேன்.

உன்னை ஒரே ஒரு படம் பிடித்து வைத்திருக்கிறோம். அதில் நீ யாரோ அதட்டி நிற்கவைத்த மாதிரி விறைத்து நிற்கிறாய். எனக்கு அது போதவில்லை மதினி. நீ இருக்கிற இடத்தில் படம் பிடிக்கிறவர் யாராவது இருந்தால் புதுசாக ஒன்று பிடித்துத் தபாலில் போடு. மூத்தவள் உன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் தலை காய்ந்திருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.