எட்டாவதாக எழுந்தவள்

மார்ச் 4
செருப்புக் கம்பெனிக் கூட்டத்தில் மேலாளர் பெருமையாகச் சொன்னார்: "மூணு வருஷமா பெண்கள்கிட்டருந்து ஒரு புகார்கூட இல்ல." எல்லோரும் கை தட்டினோம். புகார்க் குழு உறுப்பினர் நான், நானும் தட்டினேன். பக்கத்தில் நின்று தையல் பிரிவு சூப்பர்வைசரும் தட்டினார். தையலைப் பார்க்கிறேன் என்று பின்னால் வந்து மேலே சாய்கிறவர். என் மேலும்தான்.

மார்ச் 5
ஏன் சொல்லவில்லை? வீட்டுக்காரரிடம் சொன்னால் வேலையை விடச் சொல்வார். ஒருமுறை அக்காவிடம் ஆரம்பித்தேன். "நீ கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்கலாம்ல?" என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன். எழுதிக் கொடுத்தாலும் முதலில் படிப்பவர் குழுத் தலைவர். சூப்பர்வைசரின் மச்சான்!

மார்ச் 11
இன்னும் படபடப்பு அடங்கவில்லை.
பசை ஒட்டும் பிரிவில் ஒருத்தி. வாயில்லாப்பூச்சி என்பதைச் சுருக்கி 'பூச்சி' என்றே கூப்பிடுவோம். டீ நேரத்தில் சூப்பர்வைசர் அவள் இடுப்பை உரசிக்கொண்டு போனார். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.
"சார், நில்லுங்க. இப்ப என் இடுப்பைத் தொட்டீங்க. போன மாசம் ஸ்டோர் ரூம்ல கதவைச் சாத்துனீங்க."
மெஷின் ஓடாத நேரம். கூடம் முழுக்கக் கேட்டது. அவர் சிரித்தார். "அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"
"அப்ப பயந்தேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் சொல்றேன்."
அம்மாடி, அந்தக் குரல்! நடுங்கியது — ஆனால் நிற்கவில்லை. பயந்துகொண்டே பேச முடியுமா? பயம் போகட்டும் என்றல்லவா இத்தனை வருடம் காத்திருந்தேன்!
நூல் வெட்டும் அக்கா எழுந்தார். "என்கிட்டயும் இப்படித்தான்." பிறகு இன்னொருத்தி. இன்னொருத்தி. ஸ்டூல்கள் நகரும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. எட்டாவது ஆள் நான். எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை.

மார்ச் 12
வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "என்கிட்டகூடவா மறைச்ச?"
"வேலைய விடச் சொல்வீங்கன்னுதான்."
கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டினார். பிறகு, "சொல்லியிருப்பேன்" என்றார்.

மார்ச் 14
புகாரை எழுதி எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டோம்.

மார்ச் 27
விசாரணை முடியும்வரை சூப்பர்வைசர் வரக்கூடாது. மச்சானுக்குப் பதிலாக வெளியிலிருந்து ஒரு வக்கீலம்மா. பூச்சியை மூன்று மணி நேரம் கேள்வி கேட்டார்கள். வெளியே வந்து, "பசிக்குது" என்றாள். அவ்வளவுதான். அவளைப் பார்த்தபடியே நின்றேன்.

ஏப்ரல் 2
பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். இதுவரை பேசியதில்லை.
"அக்கா, ஒண்ணு சொல்லணும். இது வேற ஆளு."
மெஷினை நிறுத்திவிட்டு, அவள் உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.